வானம் இறங்கும் முற்றம்: இயற்கையோடு இயைந்த நவீன இல்லம்

இல்லத்தைக் குறிக்க அரபு மொழியில் வழங்கும் சொற்களுள் 'மஸ்கன்' என்பது ஒன்று. அமைதி, நிலைகொள்ளல் என்னும் பொருள்களைத் தரும் மூலச் சொல்லிலிருந்து அது பிறந்தது. அந்-நஹ்ல் அத்தியாயத்தில் (16:80) அல்-குர்ஆன் வீட்டை இறைவனின் அருட்கொடையாகச் சுட்டும்போதும் அதே மூலத்தைச் சேர்ந்த 'ஸகன்' என்ற சொல்லையே கையாள்கிறது. அதற்கு அடுத்த வசனம் நிழல்களையும், மலைகளிலுள்ள மறைவிடங்களையும், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளையும் பற்றியது. வீட்டைப் பற்றிய பேச்சு இடைவெளியின்றி நிழலைப் பற்றிய பேச்சாக மாறிவிடுவதை நாம் ஓதும்போது எளிதாகக் கடந்து சென்றுவிடுகிறோம். பாலையின் வெயிலை உடலால் அறிந்த மக்களிடையே முதன்முதலில் ஓதப்பட்ட வசனங்கள் அவை. வீடு, நிழல், வெப்பம், அமைதி ஆகியவை அவர்களுக்குத் தனித்தனிச் செய்திகளாக இருந்திரா.

இன்று 'இயற்கையோடு இயைந்த வீடு' என்ற தொடர் கட்டட நிறுவனங்களின் விளம்பரங்களில் தாராளமாகப் புழங்குகிறது. அவ்விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறுவது தரையிலிருந்து கூரைவரை எழும் கண்ணாடிச் சுவர். அதற்கப்பால் பசும்புல், ஒரு நீர்நிலை, தொலைவில் மரங்கள். இந்தக் கண்ணாடிச் சுவருக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, இல்லினாய் மாநிலத்தின் ஆற்றங்கரை ஒன்றில் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற பெண் மருத்துவருக்காக 1951இல் ஒரு வீட்டைக் கட்டி முடித்தார். நாற்புறமும் கண்ணாடி; இடையில் மறைப்பெதுவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலையின் சிகரங்களுள் ஒன்றாக அது இன்றும் பாடநூல்களில் போற்றப்படுகிறது. ஆனால் அதில் குடியிருந்தவரோ கோடையின் புழுக்கத்தையும் பிறர் கண்களுக்குத் தப்பி இருக்க முடியாமையையும் பற்றி வெளிப்படையாகவே முறையிட்டார். கட்டியவருக்கும் கட்டச் சொன்னவருக்கும் இடையே வழக்கும் நடந்தது. 1954, 1996, 2008 ஆகிய ஆண்டுகளில் வெள்ளம் அவ்வீட்டினுள் புகுந்தது. ஆற்றைப் பார்ப்பதற்கென்று கட்டிய வீட்டை ஆறே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

கண்ணாடிச் சுவர் இயற்கையை ஒரு காட்சியாக மாற்றிவிடுகிறது என்பதே நமது முதல் கருத்து. கண் மட்டும் வெளியே செல்கிறது. தோலுக்குக் காற்றில்லை, காதுக்கு மழையில்லை, மூக்குக்கு மண்வாசனையில்லை. வெப்ப நாடுகளில் அக்கண்ணாடியின் பின்னால் குளிரூட்டும் இயந்திரம் ஓயாமல் ஓட வேண்டியிருக்கிறது. முஸ்லிம் குடும்பம் ஒன்று இத்தகைய வீட்டில் குடியேறும்போது நிகழ்வது இன்னும் விசித்திரமானது. முதல் வாரத்திலேயே கண்ணாடியின் குறுக்கே கனத்த திரை தொங்கவிடப்படுகிறது. பெரும் பொருட்செலவில் வாங்கிய காட்சியும் அத்துடன் போய்விடுகிறது. எஞ்சுவது வெப்பமும் மின்கட்டணமும்தான்.

ஆகவே நம் முன்னுள்ள வினா இது: பிறர் பார்வையிலிருந்து காக்கப்பட்ட அந்தரங்கமும் இயற்கையோடு கூடிய வாழ்வும் ஒரே வீட்டில் அமைவது எங்ஙனம்? இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குபவை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பர்தா பேணும் வீடு இருண்டிருக்கும், காற்றோட்டமுள்ள வீடு திறந்து கிடக்கும் என்று பலரும் நம்புகின்றனர். இஸ்லாமிய உலகின் கட்டட மரபு இதற்கு நேர்மாறான ஒன்றைப் பல நூற்றாண்டுகள் செய்து காட்டியுள்ளது. நவீன காலக் கட்டடக் கலைஞர் சிலர் அதனை இக்காலத்திற்கேற்ப மீண்டும் செய்தும் காட்டியுள்ளனர்.

பார்வையின் எல்லை

பிறர் வீட்டினுள் நுழையுமுன் அனுமதி கோருமாறு அந்-நூர் அத்தியாயம் (24:27) பணிக்கிறது. கால் நுழைவதற்கு மட்டுமன்றிக் கண் நுழைவதற்கும் அவ்விதி பொருந்தும் என்பதை நபிமொழிகள் தெளிவாக்குகின்றன. இந்நெறி கட்டட விதியாக மாறிய வரலாறு சுவையானது. எகிப்தின் ஃபுஸ்தாத் நகரம் உருவான தொடக்க ஆண்டுகளில் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரழி) தம் வீட்டின்மேல் ஓர் அறையைக் கட்டினார். செய்தி மதீனாவிலிருந்த கலீஃபா உமர் (ரழி) அவர்களுக்கு எட்டியது. அவர் ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்களுக்குக் கடிதம் விடுத்தார். அந்த அறையில் ஒரு கட்டிலை இட்டு, மிக உயரமுமில்லாத குள்ளமுமில்லாத ஒருவரை அதன்மேல் நிறுத்திப் பார்க்க வேண்டும். சாளரத்தின் வழியே அண்டை வீடு தென்படுமாயின் அறையை இடித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். இப்னு அப்துல் ஹகம் தமது 'ஃபுதூஹ் மிஸ்ர்' நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கலீஃபாவின் கண்டிப்பை மட்டுமல்ல. சாளரம் கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஒளியும் காற்றும் வரலாம், பார்வை போகக்கூடாது. கட்டிலும் ஒரு சராசரி மனிதனும் அதற்கான அளவுகோல். இன்றைய நகராட்சிப் பொறியாளர் எவரும் எளிதில் நடைமுறைப்படுத்தக்கூடிய சோதனை அது.

பின்னாளில் 'தீங்கிழைத்தல் ஆகாது' என்ற பொருளுடைய நபிமொழியை அடிப்படையாகக் கொண்டு ஃபிக்ஹு அறிஞர்கள் இத்துறையை விரிவாக வளர்த்தனர். பதினான்காம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த இப்னு அர்-ராமீ என்பவர் கட்டுமானத் தொழிலையே செய்தவர். நீதிபதிகளுக்குக் கட்டட வழக்குகளில் ஆலோசகராகவும் இருந்தவர். பொதுச் சுவர், சாளரம், புகை, நாற்றம், கழிவுநீர், அயலார் மனையினுள் நீளும் மரக்கிளை என அன்றாடப் பிணக்குகள் அனைத்தையும் அவர் தம் நூலில் ஆராய்ந்துள்ளார். கொத்தனார் ஒருவர் சட்டநூல் எழுதினார் என்பதே நம் கவனத்திற்குரியது. இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அண்டை வீட்டாரின் காற்றைத் தடுக்கும்படி உயர்த்திக் கட்டாதீர் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு நம் மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ் கலை வல்லுநர்தம் கருத்து. ஆகையால் நாம் அதனை ஆதாரமாகக் கொள்ளவில்லை. கொள்ளாமலே இக்கட்டுரையின் வாதம் நிற்கும்.

முற்றம் செய்யும் வேலை

வெளியே பார்வை போகக்கூடாதென்றால் வீடு எங்கே பார்க்கும்? தன் உள்ளே பார்க்கும். அதுவே முற்றம். முற்றத்தை முஸ்லிம்கள் கண்டுபிடித்தனர் என்று உரிமை கொண்டாடுவதற்கில்லை. ஈராக்கின் ஊர் நகர அகழ்வாய்வுகளில் சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய முற்ற வீடுகள் வெளிப்பட்டன, மொகஞ்சதாரோவிலும் அவ்வாறே. இஸ்லாமிய நாகரிகம் அம்மரபைப் பெற்று, அதற்கு அயலார் உரிமை என்ற ஒழுக்க அடிப்படையைச் சேர்த்தது. தெருவை நோக்கிய சுவர் மௌனமாக இருக்கும். செல்வரின் வீட்டிற்கும் எளியவரின் வீட்டிற்கும் வெளித்தோற்றத்தில் பெரும் வேறுபாடு இராது. உள்ளே சென்றால் நீரும் நிழலும் மரமும் வானமும்.

வறண்ட நாட்டில் முற்றம் ஒரு குளிர்ச்சித் தொட்டி போலச் செயல்படுகிறது. பாலை நாடுகளில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வேறுபாடு மிக அதிகம். இரவில் தெளிந்த வானத்தை நோக்கிக் கூரையும் தரையும் வெப்பத்தை இழக்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது. ஆதலால் அது முற்றத்தினுள் இறங்கித் தங்கிச் சுற்றியுள்ள அறைகளில் பரவுகிறது. மறுநாள் முற்பகல்வரை அக்குளிர்ச்சி நீடிக்கும். தடித்த சுவர்கள் பகல் வெப்பத்தை உள்ளே வரவிடாமல் தாமதப்படுத்துகின்றன.

இந்த அறிவை அழிவிலிருந்து மீட்டு நவீன மொழியில் விளக்கியவர் எகிப்தின் ஹசன் ஃபத்ஹி (1900–1989). அலெக்சாந்திரியாவில் பிறந்து கெய்ரோவில் பயின்ற அவர், தம் காலத்துச் சகாக்கள் காங்கிரீட்டின் பின்னே ஓடியபோது மண்செங்கல்லின் பக்கம் திரும்பினார். அது பழமைப் பற்று என்று சிலர் எள்ளினர். அவரோ அளவைகளால் பதிலளித்தார். 1964இல் கெய்ரோவில் மண்செங்கல்லாலும் முன்வார்ப்புக் காங்கிரீட் பலகைகளாலும் சோதனைக் கட்டடங்கள் எழுப்பப்பட்டு உள்வெப்பம் அளக்கப்பட்டது. ஒரு முழு நாளில் மண்செங்கல் அறையின் வெப்பம் 21 முதல் 23 பாகை செல்சியசுக்குள் அடங்கி நின்றது. காங்கிரீட் அறையில் அது 36 பாகை வரை ஏறி, வெளிக்காற்றின் வெப்பத்தையும் மிஞ்சியது. வெளியே நிற்பதைவிட உள்ளே இருப்பது துன்பமாக அமையும் ஒரு கட்டடத்தை வீடு என்று அழைக்கலாமா?

கெய்ரோவின் பழைய மாளிகைகளில் மூன்று அமைப்புகளை ஃபத்ஹி நுணுகி ஆராய்ந்தார். முதலாவது 'மல்கஃப்' என்னும் காற்றுக் கோபுரம். தெருமட்டத்தில் காற்றின் வேகம் குறைவு, தூசியோ அதிகம். கூரைக்கு மேலே எழும் கோபுரம் வீசும் காற்றின் திசைக்கு வாய் திறந்து நின்று அதனைக் கீழ்த்தளக் கூடத்திற்கு இறக்குகிறது. கூடத்தின் நடுப்பகுதி மிக உயர்ந்திருப்பதால் சூடான காற்று மேலேறி அங்குள்ள திறப்புகளின் வழியே வெளியேறுகிறது. விசைப்பொறி ஏதுமின்றி இவ்வோட்டம் நிகழ்கிறது.

இரண்டாவது 'மஷ்ரபிய்யா'. கடைசல் செய்த சிறு மரத்துண்டுகளை இணைத்துச் செய்த சாளரப் பின்னல் இது. பருகுதலைக் குறிக்கும் அரபு மூலத்திலிருந்து இப்பெயர் வந்தது. குடிநீர்க் கூசாக்கள் குளிர்வதற்காக அங்கு வைக்கப்பட்டிருந்தன. கண்மட்டத்தில் பின்னல் நெருக்கமாக இருக்கும். அதற்கு மேலே இடைவெளி அகன்றிருக்கும். கீழ்ப்பகுதி பார்வையைத் தடுக்கிறது, மேற்பகுதி ஒளியையும் காற்றையும் வரவிடுகிறது. உருண்டையான மரத்துண்டின்மீது படும் வெயில் படிப்படியாக மங்குவதால் கண் கூசுவதில்லை. உள்ளிருப்பவர் தெருவைக் காணலாம், தெருவிலிருப்பவர் உள்ளே காண இயலாது. உமர் (ரழி) அவர்களின் கட்டில் சோதனைக்குத் தச்சர்கள் அளித்த விடையாகவே நாம் இதனைக் காண்கிறோம்.

மூன்றாவதான 'தக்தபூஷ்' அதிகம் பேசப்படாதது. எமது நோக்கில் மூன்றிலும் இதுவே நம் ஊருக்கு மிக நெருக்கமானது. நிழல் மிகுந்த சிறு முற்றத்திற்கும் வெயில் படும் பெரிய தோட்டத்திற்கும் நடுவே, இருபுறமும் திறந்த ஒரு கூடம் அமைக்கப்படும். தோட்டத்துக் காற்று சூடாகி மேலெழும். அவ்விடத்தை நிரப்ப முற்றத்தின் குளிர்காற்று கூடத்தின் ஊடே பாயும். வெளியே இலை அசையாத நாளிலும் அங்கு இளங்காற்று இருக்கும். கெய்ரோவின் பைத்துஸ் ஸுஹைமி என்னும் பழைய மாளிகையில் இதனை இன்றும் காணலாம். முற்றத்துக்கும் கொல்லைக்கும் நடுவே இரு கதவுகளையும் திறந்துவைத்துப் பாய்விரித்து உறங்கிய நம் பாட்டிமார் இதன் அரபுப் பெயரை அறிந்திருக்கவில்லை, பயனை அறிந்திருந்தனர்.

ஃபத்ஹியின் புகழோடு அவருடைய தோல்வியும் சொல்லப்பட வேண்டும். 1940களின் பிற்பகுதியில் லுக்ஸோருக்கு எதிர்க்கரையில் 'புதிய குர்னா' என்ற கிராமத்தை அவர் மண்செங்கல்லால் எழுப்பினார். பழங்கல்லறைகளின் மீது குடியிருந்த மக்களை அங்குக் குடியேற்றுவது அரசின் திட்டம். மக்களில் பெரும்பாலோர் வர மறுத்தனர், கிராமம் முற்றுப்பெறவில்லை. அவர்கள் பிழைப்பு பழைய இடத்தோடு பிணைந்திருந்தது. குவிமாடம் அவர்களுக்குக் கல்லறையை நினைவூட்டியது என்றும் கூறப்படுகிறது. இந்த அனுபவத்தை அவர் எழுதிய நூல் 1969இல் வெளிவந்து, பின்னர் 1973இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக உலகெங்கும் பரவியது. அவருடைய மாணவர் அப்துல் வாஹித் அல்-வக்கீல் அலெக்சாந்திரியாவை அடுத்த அகமி கடற்கரையில் 1975இல் கட்டிய ஹலாவா இல்லம், முற்றம், நீரூற்று, மஷ்ரபிய்யா, காற்றுக் கோபுரம் அனைத்தும் கொண்ட இக்கால வீடு. 1980இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அதே ஆண்டு அவ்விருதின் தலைவர் சிறப்பு விருது ஆசிரியருக்கு வழங்கப்பட்டது.

ஈரக் காற்றின் நாட்டில்

இதுவரை கூறியவற்றைப் படித்து எகிப்திய வீட்டை அப்படியே நாகப்பட்டினத்திலோ காத்தான்குடியிலோ கட்டத் துணிபவர் ஏமாறுவார். லுக்ஸோரில் மழை அரிது, காற்றில் ஈரமில்லை. நமது கரையோரங்களில் காற்று ஈரம் மிகுந்தது. பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு குறைவு. இரவில் சேமிக்கக் குளிர்ச்சி அதிகம் இல்லை. தடித்த சுவர் இங்கே வெப்பத்தை மட்டுமன்றிப் புழுக்கத்தையும் பிடித்து வைக்கும். வியர்வை உலர்வதற்குக் காற்று நகர வேண்டும். மேலும் இலங்கையும் தமிழ்நாடும் நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால் ஆண்டில் இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. எனவே இங்கு வீட்டைச் சுடுவது முதன்மையாகக் கூரையே. அடுத்துக் கிழக்கு, மேற்குச் சுவர்கள். ஆக, நம் முற்றம் குளிர்ச்சித் தொட்டியாக இருப்பதைவிடக் காற்றை இழுத்து மேலேற்றும் புகைபோக்கியாகவும் ஒளிக்கிணறாகவும் செயல்பட வேண்டும். தாழ்வாரம் நீண்டிருக்க வேண்டும். சுற்றியுள்ள அறைகள் எதிரெதிர்த் திறப்புகள் கொண்டிருக்க வேண்டும்.

இதனை நவீன வீட்டில் செய்து காட்டியவர் இலங்கையின் ஜெஃப்ரி பாவா (1919–2003). அவருடைய தந்தைவழிப் பாட்டனார் ஒரு முஸ்லிம். சட்டம் பயின்று வழக்கறிஞராக இருந்த பாவா, 1948இல் பெந்தோட்டைக்கு அருகே ஏரிக்கரையில் இறப்பர்த் தோட்டமாக இருந்த லுணுகங்கையை வாங்கினார். அதைத் தோட்டமாகத் திருத்தும் ஆசையே அவரைக் கட்டடக்கலைக்கு இட்டுச் சென்றது. 1957இல், முப்பத்தெட்டாம் வயதில், அவர் அத்துறையில் தகுதி பெற்றார். 2001இல் அவருக்கும் ஆகா கான் விருதின் தலைவர் சிறப்பு விருது கிடைத்தது. வறண்ட நாட்டின் ஃபத்ஹியும் ஈர நாட்டின் பாவாவும் ஒரே விருதினால் இணைக்கப்பட்டது பொருத்தமானதே.

பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகக் கொழும்பு ஆல்பிரட் பிளேசில் பாவா 1962இல் முடித்த வீடு இங்கு விரிவாக நோக்கத்தக்கது. அக்காலத்தில் கொழும்பின் வசதி படைத்தோர் மனையின் நடுவே பங்களாவைக் கட்டிச் சுற்றிலும் புல்வெளி விடுவர். பாவா இதனைத் தலைகீழாக்கினார். மனையின் ஓரங்களில் வீட்டையும் உயர்ந்த மதில்களையும் நிறுத்தி, வெட்டவெளியை நடுவே கொண்டுவந்தார். நடுவில் பெரிய முற்றம். சுற்றிலும் திறந்த தாழ்வாரங்களும் சிறு முற்றங்களும். இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலமாதலால் கண்ணாடி கிடைப்பது அரிதாயிற்று. கண்ணாடியே இன்றி, உள்நாட்டு மரமும் கல்லும் ஓடும் கொண்டு வீடு எழுந்தது. பஞ்சம் தந்த பாடம் எனலாம்! மழை முற்றத்தில் விழும், காற்று அறைகளின் ஊடே செல்லும். தெருவில் போவோர்க்கு மதிலன்றி வேறெதுவும் தெரியாது. சிங்கள மக்களின் நடுமுற்ற வீட்டிலிருந்து தூண்டுதல் பெற்ற இவ்வீடு, நம் ஃபிக்ஹு நூல்கள் கேட்கும் எல்லாவற்றையும் நிறைவேற்றி நிற்பது வியப்புக்குரியது. மனை கைமாற வேண்டி வந்தபோது, 2009ஐ ஒட்டி அவ்வீடு பகுதி பகுதியாகக் கழற்றி எடுக்கப்பட்டு லுணுகங்கையில் மீண்டும் கட்டப்பட்டது.

பெரிய மனை இல்லாதோர்க்கு அவருடைய சொந்த வீடு பாடமாகும். கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை 1958 முதல் பத்தாண்டுக் காலத்தில் ஒவ்வொன்றாக வாங்கி அவர் இணைத்தார். நெருக்கமான அவ்விடத்தில் பெரிய முற்றத்திற்கு வழியில்லை. ஆகவே ஆங்காங்கே கூரையைத் திறந்து சிறு ஒளிக்கிணறுகளை அமைத்தார். நீண்ட நடையின் முடிவில் ஒளி விழும். ஒரு செடி, சிறு நீர்த்தொட்டி, அதன்மேல் வானத்தின் ஒரு துண்டு. நகர்ப்புறத்துக் குறுகிய மனைக்கு இதனினும் பயனுள்ள முன்மாதிரி எமக்குத் தெரியவில்லை.

நமது ஊர்கள்

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கரையோர ஊர்களின் பழைய வீடுகளில் முற்றம் இல்லாதது அரிது. அங்குதான் நெல் காய்ந்தது, மருதாணி அரைக்கப்பட்டது, குழந்தைகள் மழையில் நனைந்தனர், நோன்புப் பிறை முதலில் தேடப்பட்டது. வளைகுடா வருவாய் வரத் தொடங்கிய 1970களுக்குப் பின் இவ்வீடுகள் பல இடிக்கப்பட்டன. பல வீடுகளில் முற்றத்தின்மீது காங்கிரீட் தளம் போடப்பட்டது. ஓர் அறை கிடைத்தது என்று மகிழ்ந்தனர். இழந்தது யார் என்பதை எவரும் கேட்கவில்லை. ஆண்களுக்குத் தெருவும் பள்ளிவாசலும் கடைவீதியும் கடற்கரையும் உண்டு. பகற்பொழுதை வீட்டிலேயே கழிக்கும் பெண்களுக்கும் நடமாட இயலாத முதியோர்க்கும், தலைத்துணியைப் பற்றிய கவலையின்றி வெயிலில் நிற்கவும் வானத்தைப் பார்க்கவும் இருந்த ஒரே இடம் முற்றம். அதை மூடியபோது அவர்களுடைய வானத்தையே மூடினோம். மொட்டை மாடி இருக்கிறதே எனலாம். மாடிப்படி ஏறும் கால் வேண்டும். சுற்றியுள்ள உயர்ந்த மாடிகளின் கண்களும் இல்லாதிருக்க வேண்டும்.

புதிய வீடு கட்டுவோர் முற்றத்திற்கு இடமில்லை என்பர். ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 அடிக்கு 60 அடி, அதாவது 2400 சதுர அடி மனை. முன்புறம் 10 அடியும் மற்ற மூன்று பக்கங்களிலும் 5 அடியும் விட்டுக் கட்டினால் வீட்டிற்கு 1350 சதுர அடியே எஞ்சும். மீதி 1050 சதுர அடி நான்கு பட்டைகளாகச் சிதறிவிடுகிறது. பக்கவாட்டுப் பட்டைகளில் தண்ணீர்க் குழாயும் உடைந்த பூந்தொட்டியும் கிடக்கும். அயல்வீட்டுச் சாளரம் பத்தடியில் இருப்பதால் நம் சாளரம் திறக்கப்படுவதேயில்லை. 12 அடிக்கு 15 அடி முற்றத்திற்கு வேண்டியது 180 சதுர அடிதான். தனிப் பங்களாவை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விதிகள் நம்மை மனையின் மையத்திற்குத் தள்ளி, வெளியைப் பயனற்ற ஓரங்களில் நிறுத்துகின்றன. தொடர்கட்டடத்திற்கு அனுமதியுள்ள பகுதிகளில் பக்கவாட்டு இடைவெளியை முற்றமாக்கிக்கொள்ளலாம். அனுமதியில்லாத இடங்களில் பின்பக்க இடைவெளியைக் கொல்லையாக அகலப்படுத்தி, வீட்டின் நடுவே ஒளிக்கிணறு ஒன்றை விட்டாலே தக்தபூஷின் பயனில் ஒரு பகுதி கிட்டும்.

மேற்குச் சுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக அமைகிறது. எனவே தொழுகையறையைப் பலரும் மேற்குச் சுவரை ஒட்டியே அமைக்கின்றனர். பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்குவதும் அச்சுவர்தான். அஸ்ரு வேளையில் சுவரே அடுப்பாகிறது. அச்சுவருக்கு வெளியே ஒரு தாழ்வாரமோ மரமோ வேண்டும். இடமில்லையெனில், கேரளத்தில் லாரி பேக்கர் (1917–2007) பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறை உதவும். செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை அது. வெற்றிடம் வெப்பத்தைத் தடுப்பதோடு செங்கல் செலவும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. பேக்கர் பெரிதும் விரும்பிய மற்றொன்று செங்கல் ஜாலி. இடைவெளி விட்டு அடுக்கிய செங்கற்சுவர் ஒளியையும் காற்றையும் வரவிட்டுப் பார்வையைத் தடுக்கிறது. மஷ்ரபிய்யாவுக்குக் கடைசல் தச்சர் வேண்டும். ஜாலிக்கு உள்ளூர்க் கொத்தனார் போதும்.

முற்றத்திற்கு எதிராகச் சொல்லப்படும் தடைகள் மூன்று: கொசு, திருட்டு, மழை. முதலிரண்டுக்கும் மேலே இரும்புக் கம்பியும் அதன்மேல் நைலான் வலையும் போதும். ஃபைபர் தகட்டால் முழுவதும் மூடிவிடுவதே பலர் செய்யும் பிழை. வெப்பம் வெளியேற வழியின்றி முற்றம் கொதிகலனாகிறது. வெயிலை மட்டுப்படுத்தத்தான் வேண்டுமெனில், தகட்டை இரண்டடி உயர்த்திப் பொருத்திச் சுற்றிலும் காற்றுப்போக்கு விடலாம். மழையைத் தடையாகக் கருதுவதே விந்தை. உட்புறம் சாய்ந்த கூரையின் நீர் முற்றத்தில் விழுந்து நிலத்தடித் தொட்டியில் சேரட்டும். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக்கு முற்றத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அறைகளின் தரைமட்டத்திலிருந்து முற்றம் ஓரடி தாழ்ந்திருப்பதும், வடிகால் இரண்டு இருப்பதும் அவசியம். ஒன்று இலையால் அடைபட்டாலும் மற்றொன்று காக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன் ஒருமுறை இரண்டையும் துப்புரவு செய்ய வேண்டும்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஆசை எல்லை மீறக்கூடாது. வேர் பரந்து அடித்தளத்தைப் பெயர்க்கும் மரங்கள் முற்றத்திற்கு ஆகா. மாதுளை, எலுமிச்சை, கறிவேப்பிலை, மருதாணி, ஒரு மல்லிகைக் கொடி ஆகியவை போதும். ஏற்கெனவே முற்றத்தை மூடிவிட்டவர்கள் தளம் முழுவதையும் இடிக்க வேண்டியதில்லை. தகுதியுள்ள பொறியாளர் ஒருவரிடம் காட்டி, விட்டங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் நாலடிக்கு நாலடித் திறப்பு ஒன்று எடுக்கலாம். அதற்கும் இயலாதோர் மாடிப்படிக்கூட்டின் உச்சியில் நான்கு பக்கமும் ஜாலி வைத்துத் திறந்துவிட்டால், வீட்டின் சூடான காற்று அவ்வழியே ஏறி வெளியேறும். கீழே கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவே.